கண்ணாடி முன்னால் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை

"...அதுல மூணாவது நான்தான்னு நீங்க சொன்னா ஆச்சா, ரீ? எனக்குத் தெரிய வேண்டாமா?"

அத்தை இதைச் சொன்னது வீட்டுச் சமையலறையில் இல்லை. விளக்கணைத்த ஒரு மண்டபத்தில், நூறு பேருக்கு மேல் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து படம் பார்க்க வேண்டிய இடத்தில், வாசலில் நின்ற எனக்கே கேட்கிற குரலில் சொன்னாள். கன்னட வீட்டுப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுவது போல அவளும் மாமாவை 'ரீ' என்றுதான் கூப்பிடுவாள். இதைச் சொல்லிவிட்டு அவள் அடுத்துச் செய்த காரியம் இருக்கிறதே, அதை நான் இன்றுவரை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் அதை மட்டும் சொன்னால் போதாது. அந்த நிமிஷத்துக்கு வந்து சேர்வதற்குள் என் பிராணன் பாதி போயிருந்தது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

மாநிலத்துக்குப் பெயர் மாறி அதிக நாள் ஆகாத சமயம் அது. ஆபீஸ் வாசல்களில் 'மைசூர்' என்று இருந்ததை அழித்து 'கர்நாடகா' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். சில பலகைகளில் அழித்தது சரியாக அழியாமல் இரண்டு பெயரும் ஒன்றின் மேல் ஒன்று தெரியும். நான் ரயில்வேயில் குமாஸ்தா. மைசூர் நகரத்து அக்ரஹாரத்தில் அத்தை வீட்டில் இருந்துகொண்டு வேலைக்குப் போய்வந்தேன். அத்தை என் அப்பாவின் தங்கை. மாமா ரயில்வேயில் கார்டாக இருந்து ரிடையர் ஆனவர். முப்பது வருஷம் பச்சைக் கொடியை ஆட்டி ரயிலை அனுப்பிய மனுஷன், வீட்டிலிருந்து ஒரு ஆளைப் பஞ்சாங்கம் பார்க்காமல் அனுப்ப மாட்டார். "கவர்மெண்ட் ரயிலு கவர்மெண்ட் நேரத்துக்குப் போகட்டும். நம்ம வீட்டு ஆளு நம்ம நேரத்துக்குத்தான் போகணும்" என்பார். மாமாவின் கீழே வேலை பார்த்த ஒருவர் என் ஆபீஸில் இருந்தார். அவர் சொல்லுவார்: "செயினைப் பிடிச்சு இழுத்தா எந்த ரயிலும் நிக்கும்பா. உங்க மாமா பேச ஆரம்பிச்சா எதைப் பிடிச்சு இழுக்கிறது?"

எனக்குப் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றது. மற்றதெல்லாம் காதால் படித்ததுதான். ஊரில் ஒரு பிலிம் சொசைட்டி இருந்தது. சினிமாப் பைத்தியம் தலைக்கேறி அதில் சேர்ந்தேன். அங்கே காரியதரிசியாக இருந்தவர் காலேஜில் செடிகொடிப் பாடம் நடத்துகிறவர். படம் தொடங்குமுன் அரைமணி நேரம் பேசுவார். பேசி முடிக்கும்போது நமக்குப் படம் பார்த்த களைப்பு வந்திருக்கும். எனக்கு அங்கே மூன்று வேலை. வாசலில் நின்று பாஸ் பார்ப்பது, ஜன்னல்களில் கறுப்புத் துணி மாட்டுவது, விளக்கு சுவிட்ச். சொசைட்டிக்கு இருந்தது ஒரே ஒரு புரொஜெக்டர். அதனால் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் படம் நிற்கும். நான் விளக்கைப் போட வேண்டும். ஆப்பரேட்டர் அடுத்த ரீலை மாட்டியதும் அணைக்க வேண்டும். இதற்குள் காரியதரிசி எழுந்து இன்னும் கொஞ்சம் பேசிவிடுவார்.

அவர் போட்ட விதிகள் சைக்ளோஸ்டைல் செய்து கதவில் ஒட்டியிருக்கும். கடலைக்காய் தின்னக் கூடாது. விசில் கூடாது. பக்கத்தில் இருப்பவருக்குக் கதை சொல்லக் கூடாது. கடைசி விதி, எந்த ரீலும் இரண்டாம் முறை போடப்பட மாட்டாது. ஒருமுறை ஏதோ ஒரு படத்தில் வந்த நாட்டியத்தை "இன்னொந்து ஸல!" என்று கூட்டம் மறுபடி கேட்டுவிட்டது. அன்றைக்கு அவருக்கு வந்த கோபத்தில் பிறந்த விதி அது. "இது டென்ட் கொட்டகை அல்ல" என்று கன்னடத்தில் ஒரு தடவையும் இங்கிலீஷில் ஒரு தடவையும் சொன்னார்.

அந்த வருஷம் பழைய படங்களுக்கென்று ஐந்து நாள் விழா வைத்தார்கள். முதல் நாள் ஏதோ ஒரு தேசத்து ஊமைப் படம். பாதியில் கரண்ட் போய், இருட்டில் உட்கார்ந்து காரியதரிசியின் பேச்சைக் கேட்டோம். இரண்டாம் நாள் வங்காளிப் படம். கீழே எழுத்து ஓடும் என்றார்கள். ஓடவில்லை. காரியதரிசி திரை ஓரத்தில் நின்று, நடக்கப்போவதை ஒரு நிமிஷம் முன்னதாகவே சொல்லிக்கொண்டு வந்தார். அழ வேண்டிய இடத்தில் எல்லாரும் முன்பே அழுது முடித்திருந்தோம். ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு பழைய தமிழ் பக்திப் படம். 'இதில் சில காட்சிகள் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படித்துறையில் எடுக்கப்பட்டவை' என்று விழா நிகழ்ச்சித் தாளில் போட்டிருந்தது. அதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு.

அத்தை முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் இரண்டு பக்கமும் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். எந்த முக்கியமான பேச்சுக்கும் முன்னால் அவள் இதைச் செய்வாள். துடைக்காமல் அந்தக் கண்ணாடி மூக்கில் ஏறி நான் பார்த்ததில்லை.

"அந்தப் படத்துல நான் இருக்கேன்டா" என்றாள்.

ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் காவிரி பார்க்கப் போவது அந்தக் காலத்திலிருந்தே வழக்கம். அத்தைக்கு அப்போது பதினைந்து வயது. அன்று படித்துறையில் சினிமாக் கம்பெனி வந்து இறங்கியிருக்கிறது. குடத்தோடு படியிறங்கித் தண்ணீர் மொள்ளப் பெண்கள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். சித்ரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஐந்து பேர் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். என் தாத்தா, அதாவது அவளுடைய அப்பா, மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"வரிசையில மூணாவது நான். எல்லாரும் குடத்தை இடது இடுப்புல வெச்சிருந்தாங்க. எனக்கு இடது கைதானே பழக்கம், நான் வலது இடுப்புல வெச்சேன். மாத்தி வை, மாத்தி வைன்னு ஒரு தொப்பிக்காரர் கத்தினாரு. மாத்தினேன், குடம் விழுந்துடுச்சு. போகுது விடுன்னுட்டாரு."

தாத்தா எழுந்ததும் விஷயம் தெரிந்தது. அடிக்கவில்லை, திட்டவில்லை. வீட்டுக்கு வந்து ஒரே ஒரு உத்தரவு போட்டார். இந்த வீட்டில் யாரும் அந்தப் படத்தைப் பார்க்கக் கூடாது, அதைப் பற்றிப் பேசவும் கூடாது. படம் வந்தது, ஊரில் இரண்டு வாரம் ஓடியது, போய்விட்டது. அத்தை அந்தக் கொட்டகை இருந்த தெரு வழியாக இரண்டு மூன்று தடவை நடந்து போனாளாம். உள்ளேயிருந்து பாட்டு கேட்டதாம். அவ்வளவுதான்.

"அந்த வயசுல என் முகம் எப்படி இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாதுடா. கல்யாணத்துக்கு ஒரு போட்டோ எடுத்தாங்க. அதுலயும் தலையைக் குனிஞ்சிருப்பேன், வகிடுதான் தெரியும். ஒரு தடவை பார்த்துடணும். நான் நடந்து வர்றதைப் பார்க்கணும்."

இத்தனை வருஷமும் இதை அவள் மாமாவிடம்கூடச் சொன்னதில்லை. மாமா ஈஸிசேரில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பெண்டாட்டி சினிமாவில் நடித்தவள் என்று தெரிந்த புருஷன் என்ன சொல்லுவாரோ என்று பார்த்தேன். மாமா எழுந்தார். ஆணியில் மாட்டியிருந்த பஞ்சாங்கத்தை எடுத்தார். புரட்டினார்.

"ஞாயித்துக்கிழமை அஞ்சு மணியா? நாலரைலேருந்து ஆறு வரைக்கும் ராகுகாலமாச்சே."

அவருக்கு வேறு கவலையே இல்லை!

"நாலரைக்கு முன்னாடியே கிளம்பிடுங்க மாமா" என்றேன்.

"மூணுலேருந்து நாலரை குளிகை. குளிகையில கிளம்பினா திரும்பத் திரும்பக் கிளம்பிக்கிட்டே இருக்கணும்."

"அப்ப மூணு மணிக்கு முன்னாடி."

"ரெண்டரைக்குப் போயி அஞ்சு மணி வரைக்கும் அங்க என்ன, செவுத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கிறதா? உங்க காரியதரிசி பேசினாலும் பேசிடுவாரு."

பிறகு அவரே வழியும் சொன்னார். பரஸ்தானம் வைத்துவிடுவது. கிளம்பும் நேரம் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரத்தில், போகிறவருடைய பொருள் ஒன்றைப் போகும் திசையில் இருக்கிற ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அப்போதே ஆள் கிளம்பியதாகக் கணக்கு. அப்புறம் எந்த நேரத்தில் வாசலைத் தாண்டினாலும் தோஷமில்லை. போகிற வழியில் அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டே முக்காலுக்கு மாமா ஒரு மஞ்சள் பையின் வாயைச் சுருக்கிக் கட்டி என் கையில் கொடுத்தார். "கீழ வைக்காம, யார்கிட்டயும் பேசாம, திரும்பிப் பார்க்காம கொண்டுபோய் வை" என்றார். தெருமுனையில் ரிடையர் ஆன போஸ்ட்மாஸ்டர் ஒருவர் இருந்தார், கன்னடக்காரர். அவர் வீடுதான் நாங்கள் போகிற திசை. பையைக் கொடுத்தேன். உள்ளே என்ன என்று நானும் பார்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அப்படியே நான் மண்டபத்துக்கு சைக்கிளை மிதித்தேன். ஜன்னல் துணி மாட்ட வேண்டுமே.

நாலரைக்கெல்லாம் கூட்டம் வர ஆரம்பித்தது. அத்தை வாரம் முழுக்கச் சும்மா இருப்பாளா? காய்கறி வண்டிக்காரி வரைக்கும் சொல்லியிருக்கிறாள். ரயில்வே காலனித் தமிழர்கள் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். காரியதரிசிக்கு வாயெல்லாம் பல். 'பழைய சினிமாவில் ஜனங்களுக்கு இவ்வளவு ரசனையா' என்று நாலு பேரிடம் ஆச்சரியப்பட்டார். முதல் வரிசையில் நடு நாற்காலியில் போஸ்ட்மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கையைக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வாசலில் டாங்கா குதிரைவண்டி வந்து நின்றது. அத்தை பட்டுப்புடவை கட்டியிருந்தாள். மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலால் தரையைத் தடவித் தடவி இறங்கினாள். என்னைத் தாண்டிப் போய்க் கதவுக்கு "நல்லா இருக்கியாடா" என்றாள்.

"கண்ணாடி எங்க அத்தை?"

"அதான் கிளம்பிப் போயிடுச்சே" என்றாள். "ரெண்டே முக்காலுக்கு."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பரஸ்தானம்னா ஏதோ ஒரு கைக்குட்டையை வெச்சா ஆகாதுப்பா. அந்த ஆளை விட்டுப் பிரியாத பொருளா இருக்கணும். அப்பத்தான் ஆளே கிளம்பினதாகும். இவளை விட்டுப் பிரியாதது எது? கண்ணாடிதானே? அதான் வெச்சேன். வர்ற வழியில எடுத்துக்கலாம்னு பார்த்தா, அந்த வீடு பூட்டியிருக்கு."

"உங்க பொருள் எதையாவது வெச்சிருக்கக் கூடாதா?"

"பயணம் அவளோடது. நான் துணைக்கு வர்றவன்தானே."

அவருடைய கண்ணாடி அவர் மூக்கில் பத்திரமாக இருந்தது. இருவரும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவர்கள். இரண்டு பேருக்கும் கிட்டப்பார்வை. "நம்பர்கூட ஜோடிப் பொருத்தமா அமைஞ்சிருக்கு" என்று கடைக்காரர் சொன்னதை அத்தை வருகிற விருந்தாளிக்கெல்லாம் சொல்லுவாள்.

முதல் வரிசைக்கு ஓடினேன். போஸ்ட்மாஸ்டர் முகம் முழுக்கச் சந்தோஷத்தோடு, "பேக் பத்ரவாகிதெ ஸார்!" என்றார். உள் அறையில் வைத்து, வாசலையும் பூட்டிவிட்டு வந்தாராம். அடுத்தவர் பொருளாயிற்றே, அஜாக்கிரதையாக விட முடியுமா? நல்ல இடம் கிடைக்க வேண்டுமென்று மூன்றரைக்கே கிளம்பிவிட்டாராம். சாவியைக் கேட்டேன். அது அமுக்கினாலே பூட்டிக்கொள்கிற பூட்டு, சாவி அவர் மனைவியிடம். மனைவி நஞ்சன்கூடு கோயிலில். ராத்திரி ரயிலில்தான் வருவார்.

எனக்கு அழுகை வருகிற மாதிரி ஆகிவிட்டது. அந்தப் படம் ஏதோ ஒரு தூரத்து ஊரிலிருந்து கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்தது. ஒரே ஒரு காட்சி. முடிந்ததும் பெட்டியில் அடுக்கி பத்து மணி ரயிலில் பெங்களூருக்கு ஏற்ற வேண்டும். அப்புறம் அது எங்கே போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அத்தைக்கு இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். அந்தச் சாயங்காலத்தில் அவளுடைய கண்கள் தெருமுனை வீட்டில் பூட்டிக் கிடந்தன.

"முதல் வரிசையில உக்காருங்க அத்தை" என்று யாரையோ எழுப்பிவிட்டு போஸ்ட்மாஸ்டருக்குப் பக்கத்தில் இருவரையும் உட்கார வைத்தேன். "தெரியுதா?" என்றேன்.

"வெள்ளைத் துணி தெரியுது" என்றாள்.

காரியதரிசி பேசினார். பக்தி இயக்கத்தைப் பற்றிப் பேசினார், காமிரா வந்த வரலாற்றைப் பேசினார். நடுவில் எப்படியோ ஆலமரத்தைப் பற்றியும் பேசினார். ஐந்தரைக்குப் படம் தொடங்கியது. முதல் ரீலில் ராஜா பாடினார், ராணி பாடினாள், வாயில்காப்போனும் பாடினான். விளக்கைப் போட்டேன், அணைத்தேன். இரண்டாவது ரீல் முடியப்போகிற சமயத்தில் திரையில் ஆறு வந்தது. நான் சுவிட்சை விட்டுவிட்டுச் சுவரோரமாக முன்னால் நகர்ந்தேன். மாமாவின் குரல் மெதுவாகக் கேட்டது.

"இப்ப தண்ணி வருது. இப்ப படி. ஒருத்தி இறங்கறா. இன்னொருத்தி. மூணாவது... ஆமா, வலது இடுப்பு. நீதான்!"

"எப்படி இருக்கேன்?"

"நல்லாத்தான் இருக்கே."

"நல்லான்னா எப்படி?"

"குடத்தோட இருக்கே."

"ஐயோ, முகம் எப்படி இருக்கு?"

"இரு, சொல்றேன். அதுக்குள்ள போயிட்டியே. இப்ப ராஜா வந்துட்டாரு."

நாலு பக்கமும் 'உஷ்' என்றார்கள். "ஸும்னே கூத்கொள்ளி" என்று ஒரு அதட்டலும் வந்தது. ரீல் முடிந்தது. நான் சுவிட்சுக்கு ஓடுவதற்குள் காரியதரிசி இருட்டிலேயே என் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். விளக்கு வந்ததும் அத்தையைப் பார்த்தேன். மடியில் கையைக் கோத்துக்கொண்டு, வெறும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் போய்க் குனிந்ததும், "போகட்டும் விடுடா. இத்தனை வருஷம் பார்க்காம இருந்தேன்ல?" என்றாள். அவள் கத்தியிருந்தால் எனக்குப் பரவாயில்லை. இப்படிச் சொன்னதில் எனக்கு எல்லார் மேலும் ஆத்திரம் வந்தது. மாமா மேல், போஸ்ட்மாஸ்டர் மேல், பஞ்சாங்கம் மேல், பையைப் பிரித்துப் பார்க்காமல் நல்ல பிள்ளையாகக் கொண்டுபோய் வைத்த என் மேல்.

நேராக ஆப்பரேட்டரிடம் போனேன். கௌதள்ளிக்காரர். கொள்ளேகால் பக்கமெல்லாம் டென்ட் கொட்டகைகளில் படம் ஓட்டி வந்தவர். பேச்சு கொங்குப் பக்கத்துப் பேச்சு. விஷயத்தைச் சொல்லி, "அண்ணே, அந்த ரீலை இன்னொரு தடவை போட முடியுமா?" என்றேன்.

அதற்குள் காரியதரிசி வந்துவிட்டார். "நோ. எந்த ரீலும் இரண்டாம் முறை இல்லை. கதவில் ஒட்டியிருப்பது யார் கையால்? உன் கையால்."

"சார், எங்க அத்தை சார். அந்தப் படியில இறங்கறவங்க."

"இன்னிக்கு உங்க அத்தை. நாளைக்கு இன்னொருத்தர் வந்து ராஜா எங்க சித்தப்பான்னு சொல்லுவார்."

ஆப்பரேட்டர் புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். "சாரு சொல்றது சரிதானுங்க. ரெண்டாந்தரம் போடக் கூடாதுதான். ஆனா பிலிம் சுத்திக்கற எம்பட காலி சக்கரம் ஒண்ணு உடைஞ்சு போச்சுங்க. இந்த ரீலைத் திருப்பிச் சுத்தாட்டி அடுத்ததை ஓட்ட முடியாதுங்களே."

"சுத்திக்கோ."

"மிசின்லயே பின்னாடி ஓட்டித்தான் சுத்தோணும்ங்க. லைட்டு இல்லாம சுத்தினா, அறுந்தா தெரியாதுங்க. லைட்டு போட்டா அது துணி மேல விழத்தான் செய்யும்ங்க. பின்னாடி ஓட்டக் கூடாதுன்னு விதியில இருக்குதுங்களா?"

காரியதரிசி கதவுப் பக்கம் திரும்பித் தன்னுடைய தாளையே ஒருமுறை படித்துப் பார்த்தார். அதில் அப்படி ஒரு விதி இல்லை. போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆப்பரேட்டர் என்னைப் பார்த்து, "லைட்டை அமத்துங்க தம்பி" என்றார். "மிசினுக்கு முன்னாடி போறதும் பின்னாடி போறதும் ஒண்ணுதானுங்க. மனுசங்களுக்குத்தான் அதுல நேரங்காலம் எல்லாம்."

அணைத்தேன். சத்தம் இல்லாமல் படம் பின்னோக்கி ஓட ஆரம்பித்தது. ராஜா பின்பக்கமாக நடந்து போனார். குதிரை பின்னால் ஓடியது. மண்டபம் முழுக்கச் சிரிப்பு. கடலைக்காய் உடைபடும் சத்தமும் கேட்டது, எங்கிருந்து வந்ததோ. மாமா திரும்பி இருட்டில் என்னைத் தேடி, "பார்த்தியா, குளிகை!" என்றார். "இந்தப் பாஸ் ரெண்டையும் மூணே காலுக்குத்தான் சட்டைப்பையில எடுத்து வெச்சேன். குளிகையில செஞ்சது திரும்ப நடக்கும்னு அதுக்குத்தான் பார்த்து வெச்சது!" அந்த இடத்தில் எனக்கு வந்த வார்த்தையை எழுத முடியாது. அதையும் யோசித்துச் செய்த மனுஷன் கண்ணாடியைப் பூட்டுக்குள் அனுப்பி வைத்தாரே!

ஆறு வந்தது. குடங்களிலிருந்து தண்ணீர் எழும்பி ஆற்றுக்குள் போயிற்று. ஐந்து பெண்களும் வெறுங்குடத்தோடு, முகம் நம் பக்கம் இருக்க, பின்னாலேயே ஒவ்வொரு படியாக ஏற ஆரம்பித்தார்கள். கடைசியாக இறங்கியவள் முதலில் ஏறினாள். ஆனாலும் ஐந்து பேரில் மூன்றாவது எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் மூன்றாவதுதான். வலது இடுப்பில் குடம். இரட்டைப் பின்னல். தொப்பிக்காரரின் திட்டு இன்னும் முகத்தில் இருந்தது. சிரிப்பை அடக்கத் தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நேராக எங்களைப் பார்த்தாள். நான் வாசலருகே சுவரில் சாய்ந்து நின்றேன்.

மாமா ஆரம்பித்துவிட்டார். "இந்தா, ஏறறா. ரெண்டாவது ஆள் போயாச்சு. இப்ப மூணாவது. இது நீதான். நல்லாத் தெரியுது பாரு. நான் சொல்றேன், கேட்டுக்கோ. குடம் இருக்கு. ரெண்டு பின்னல். உதட்டைக் கடிச்சுக்கிட்டு..."

அத்தை அவர் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் அதைச் சொன்னாள். "நான்தான், நான்தான்கிறீங்க. அதுல மூணாவது நான்தான்னு நீங்க சொன்னா ஆச்சா, ரீ? எனக்குத் தெரிய வேண்டாமா?"

இதில் நானும் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேலாக இத்தனை பேர் பை, பூட்டு, சாவி, நஞ்சன்கூடு என்று அலைந்தோம். ஒருவருக்கும் அது தோன்றவில்லை. மாமா அந்தக் கண்ணாடியைக் குளிக்கும்போதும் தூங்கும்போதும் தவிர மூக்கிலிருந்து எடுத்தவரில்லை. அவர் அதைக் கழற்றி மேஜையில் வைத்தால்கூட நாங்கள் சுற்றிக்கொண்டுதான் போவோம். அதைத் தொடலாம் என்ற எண்ணமே அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது.

அத்தை இடது கையை நீட்டினாள். இருட்டில் மாமாவின் கன்னத்தைத் தொட்டு, அங்கிருந்து காதைத் தடவிக் கண்டுபிடித்து, அவர் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றினாள். முந்தானையால் துடைக்கவில்லை. அப்படியே தன் மூக்கில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.